மாயாவியும் என் வாசகர்களும்

விருத்தாசலத்தில் இன்று காமிக்ஸ் கடை என்று ஒன்று கிடையாது. சரியாகச் சொல்லப்போனால், என்றுமே கிடையாது. காமிக்ஸ் கடைகள் காலத்தோடு எப்படி மாறிவிட்டன என்று எழுதலாம் என உட்கார்ந்த பிறகுதான் இந்த உண்மை எனக்கு உறைத்தது. காமிக்ஸை மட்டும் விற்று ஒருவர் குடும்பம் நடத்திய கடை எதையும் நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை. பக்கத்து ஊர்களிலும் இருந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

ஆனாலும் காமிக்ஸ் விற்றது. வாங்கினோம், படித்தோம், சண்டை போட்டுக் கிழித்தோம். கடை இல்லாமலா இதெல்லாம் நடந்தது? நான்கு விதமான கடைகள் அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு செய்தன. ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடை, பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடை, பழைய பேப்பர் கடை, வாடகைப் புத்தக நிலையம். இந்த நான்கின் கதையைச் சொன்னால், தமிழில் கதை படிக்கிறவன் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தான் என்பதையும் சொன்னதாகும். நாவல் எழுதுகிறவனுக்கு இது அற்ப விஷயம் அல்ல.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் மூன்று விஷயம்தான் தெரியும். ஐந்து கோபுரம், ஐந்து தேர் என்று எதையெடுத்தாலும் ஐந்தாக இருக்கும் பழமலைநாதர் கோயில் ஒன்று. சேலத்துக்கும் கடலூருக்கும் கிளை பிரிகிற ஜங்ஷன் இன்னொன்று. மூன்றாவது பீங்கான். ஊறுகாய் ஜாடி, டீக் கோப்பை, பொம்மை, மின்சார ஃபியூஸுக்கு வேண்டிய கட்டை எல்லாம் எங்கள் ஊர்ச் சூளைகளில் வெந்து வெளியூர் போயின. என் தகப்பனார் அப்படிப்பட்ட ஒரு கம்பெனியில் சாமான் கட்டுகிற பகுதியில் இருந்தார். ஜாடிகளை வைக்கோலிலும் பழைய காகிதத்திலும் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது அவர்கள் வேலை. காகிதம் பழைய பேப்பர் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். அந்த மூட்டைக்குள்ளேதான் எனக்கு முதல் காமிக்ஸ் கிடைத்தது. முன்னட்டை இல்லை, கடைசி நாலு பக்கமும் இல்லை. இருந்தாலும் அதை நான் எத்தனை முறை படித்தேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

அதற்கு முன்பு எங்களுக்குப் படக்கதை என்றால் தினத்தந்தியின் கன்னித்தீவுதான். 1960-ஐ ஒட்டித் தொடங்கிய அந்தத் தொடரைத் தினம் சலூன் பெஞ்சிலோ டீக்கடையிலோ எட்டிப் பார்ப்போம். அதற்கு விலை கிடையாது, அடுத்தவர் பேப்பர். அம்புலிமாமா 1947-லிருந்து வந்துகொண்டிருந்தது. அது கதைப் பத்திரிகை, படக்கதை அல்ல. வீட்டில் பெரியவர்கள் வாங்கித் தருவது. 1964-ல் பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியாக்காரர்கள் இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கி, முகமூடி போட்ட வேதாளரைக் கொண்டுவந்தார்கள். அது தமிழிலும் வந்தது. ஆனால் அதைப் பார்க்க வேண்டுமானால் ஸ்டேஷன் கடைக்குப் போக வேண்டும். ஸ்டேஷன் கடையில் பையன்களுக்கு மரியாதை இல்லை. ரயிலுக்குக் காத்திருக்கும் தகப்பனார், பையன் வழியில் தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்று வாங்கித் தருவது அது. வாங்குகிறவர் ஒருவர், படிக்கிறவன் இன்னொருவன்.

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. சௌந்தரபாண்டியன் என்ற பிரசுரகர்த்தர் தொடங்கியது. முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடைகளில் குறுக்கே ஒரு கயிறு கட்டி, துணி உலர்த்துகிற மாதிரி புத்தகங்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு பக்கம் வாழைத்தார், ஒரு பக்கம் ஷாம்பு, நடுவே மாயாவி. கடைக்காரருக்கு அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. பையன் காசை நீட்டினால் புத்தகம் கைக்கு வரும். 'உங்க அப்பா எங்கே?' என்று கேட்க மாட்டார்.

இது பெரிய மாறுதல் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பையன் தன் காசைக் கொண்டுபோய், தானே பொறுக்கி, தானே வாங்கிய முதல் புத்தகம் காமிக்ஸ். பாடப்புத்தகம் பள்ளிக்கூடம் தந்தது, அம்புலிமாமா அம்மா தந்தது. காமிக்ஸ் மட்டும் அவனுடையது. ஒரு புத்தகத்துக்காகத் தின்பண்டத்தை விட்டுக்கொடுக்கலாம் என்ற தீர்மானத்துக்கு ஒரு மனிதன் வாழ்க்கையில் ஒருமுறை வர வேண்டியிருக்கிறது. நாங்கள் பன்னிரண்டு வயதில் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அந்தத் தீர்மானத்துக்கு வந்தோம்.

அந்தப் புத்தகம் அதற்குத் தகுதியானதா? விமரிசகர்களுக்கு இந்தக் கேள்வி இன்றுவரை கௌரவக் குறைச்சலாகவே இருந்து வருகிறது. ஆகையால் நானே பதில் சொல்கிறேன்.

மாயாவி பிரிட்டனில் 1962-ல் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தவர். ஸ்பெயின் தேசத்துச் சித்திரக்காரர் ஹெஸூஸ் பிளாஸ்கோ வரைந்தது. ஆராய்ச்சிச்சாலை உதவியாளர் ஒருவர் விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறார். இன்னொரு விபத்தில் மின்சாரம் பாய்கிறது. உடல் முழுவதும் மறைந்துபோகிறது, இரும்புக் கை மட்டும் மறையவில்லை. சட்டென்று கேட்டால் அபத்தம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். சக்தி இலவசமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தின் அடியைத் தாங்க வேண்டும். சக்தி நிலைப்பதும் இல்லை, கொஞ்ச நேரத்தில் உருவம் திரும்பிவிடும். முழுசாக ஒளியவும் முடியாது, குறையுள்ள அங்கம் எதுவோ அதுதான் உலகத்தின் கண்ணில் படும். ஆரம்பக் கதையில் அவர் நல்லவர்கூட அல்ல. சக்தி தலைக்கேறிக் கெட்டுப்போகிறவர். பிற்பாடுதான் நிழற்படையில் சேர்ந்து உளவாளியாகிறார். நாவலாசிரியன் ஒருவன் இந்தக் கற்பனையைக் கண்டு பொறாமைப்படலாம், அதில் வெட்கமில்லை. எங்கள் ஊரில் ஃபியூஸ் கட்டைக்குப் பஞ்சமில்லை என்பதால், மாயாவியைப் பார்த்துக் கம்பியில் விரல் வைக்கப்போய் முதுகில் அறை வாங்கிய பையன்கள் பலர். அவர்களில் நானும் ஒருவன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பிளாஸ்கோவின் பெயர் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. எழுதியவர் யார், வரைந்தவர் யார் என்று அந்தப் புத்தகங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நாங்களும் கேட்கவில்லை. வெளிநாட்டுப் படத்தைத் தமிழ்ப் பக்கத்தின் அளவுக்கு வெட்டியிருப்பார்கள். வசனக் கட்டத்துக்குள் தமிழ் எழுத்துக்கள் மூச்சுத் திணறிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வந்தது அநேகமாக எல்லாமே இறக்குமதிச் சரக்கு. வாண்டுமாமா போன்ற ஒரு சிலர் தமிழிலேயே படக்கதை எழுதிப் பார்த்தார்கள். ஆனால் வெளிநாட்டுக் கதையின் உரிமையை வாங்கி மொழிபெயர்ப்பதைவிட, ஒரு சித்திரக்காரரை மாதக்கணக்கில் உட்காரவைத்து வரையச் சொல்வதற்குச் செலவு அதிகம். பத்திரிகை நடத்துகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. விளைவு என்னவென்றால், நியூயார்க்கின் சாக்கடை எங்கே போகிறதென்று தெரிந்த எங்களுக்கு, மணிமுத்தாற்றங்கரையில் நடக்கும் ஒரு படக்கதைகூடக் கிடைக்கவில்லை.

இனி வாடகைப் புத்தக நிலையம். என் கட்டுரையின் கதாநாயகர் இங்கேதான் வருகிறார். கடைவீதிக்குப் பின்சந்தில் எட்டுக்கு எட்டு அறை. வாடகை ஒரு நாளைக்குப் பத்துப் பைசா. மறுநாள் வரவில்லையென்றால் இன்னொரு பத்து. அட்டைக்கு மேல் பழுப்புக் காகிதம் ஒட்டி, முதுகில் சணல் நூலால் தைத்து வைத்திருப்பார். புத்தகம் திரும்பி வந்ததும் முதல் காரியமாகக் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார். கடைசிப் பக்கத்தைக் கிழித்தவனுக்கு ஒரு மாதம் புத்தகம் கிடையாது. "கொலை பண்ணினவனைக்கூட மன்னிக்கலாம்டா, முடிவைக் கிழிச்சவனை மன்னிக்கக் கூடாது" என்பார். கதையின் அமைப்பைப் பற்றி நான் கேட்ட முதல் விமரிசனக் கொள்கை அதுதான்.

பெட்டிக்கடைக்காரருக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் எல்லாவற்றையும் படித்தார். இன்ன பையனுக்கு இன்னது பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். 1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே சமயத்தில் தொடங்கின. லயனைத் தொடங்கியவர் சௌந்தரபாண்டியனின் புதல்வர் விஜயன். அப்போது அவர் பிள்ளைப் பிராயம் தாண்டாதவர். மாடஸ்டி கதையோடு அது ஆரம்பித்தது. தந்தி நிறுவனத்தாரின் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டைக் கொண்டுவந்து, மாதம் இரண்டு புத்தகம் என்று ஊர் ஊராக நிறைத்தது. காட்டில் இருக்கும் வேதாளருக்கு ராணி காமிக்ஸில் மாயாவி என்று பெயர். இதனால் இரும்புக்கை மாயாவியா, முகமூடி மாயாவியா என்று சந்தில் பெரிய தர்க்கம் நடக்கும். கடைக்காரர் தீர்ப்புச் சொல்வார்: "அவனுக்குக் காடு சொந்தம், இவனுக்குக் கையே சொந்தமில்லை. எவன் கதை பெரிசு?" அந்தச் சந்து அந்தக் காலத்தில் எங்களுக்குச் சங்கப்பலகை.

நான் நாவலாசிரியன் ஆனேன். ஒன்றிரண்டு புத்தகம் வெளிவந்தது. பெயரும் கொஞ்சம் அடிபட்டது. 1991-ல் ஊரில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அழைத்தார்கள். மாலையும் கைத்தட்டலும் மனிதனை என்னவெல்லாம் பேசவைக்கிறது! நல்ல இலக்கியம் வளர வேண்டுமானால் குழந்தைகள் கையிலிருந்து இந்தப் படக்கதைக் குப்பைகளைப் பெற்றோர் பிடுங்க வேண்டும் என்று முழங்கினேன். சபையில் நல்ல வரவேற்பு. கூட்டம் கலைந்ததும் பின்வரிசையிலிருந்து அவர் வந்தார். தலை நரைத்திருந்தது.

"தம்பி, பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு பத்து நிமிஷம் கடைக்கு வந்துட்டுப் போறீங்களா?" என்றார்.

போனேன். மேலட்டை போன ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தார். உறுப்பினர் ஒருவருக்கு ஒரு பக்கம். எந்தத் தேதியில் என்ன எடுத்துப் போனார் என்று வரிசையாக எழுதியிருந்தது. ஒரு பெண்ணின் பக்கத்தைக் காட்டினார். முதல் வரி இரும்புக்கை மாயாவி. அப்படியே ஓர் ஆண்டுக்கு மேல் காமிக்ஸ். பிறகு துப்பறியும் கதை. பிறகு சாண்டில்யன், கல்கி. கடைசிப் பக்கத்தில் என் நாவல். "நீங்க எழுதினதை எங்கிட்ட எடுத்துப் போனவங்க பதினேழு பேர், தம்பி. பதினேழு பேரும் ஆரம்பிச்சது எங்கேன்னு பாருங்க. நேரா உங்ககிட்ட வந்தவங்க ஒருத்தரும் இல்லை" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? அன்று மேடையில் சொன்னதை மறுத்து இன்றுவரை எந்த மேடையிலும் பேசியதில்லை. இந்தக் கட்டுரையைக் காலம் தாழ்ந்த மறுப்பாக வாசகர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் பேச்சைக் கேட்டுப் பெற்றோர் பிடுங்கினார்களோ இல்லையோ, காலம் பிடுங்கிவிட்டது. 1987-ல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணம் டெலிவிஷனில் வந்தது; அதன் பிறகு கேபிள் வந்தது. இந்திரஜால் 1990-ல் நின்றது. ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றது. சிவகாசிக்காரர்கள் மட்டும் தட்டுத்தடுமாறி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக் கயிறு இன்னும் இருக்கிறது; அதில் சிப்ஸ் பாக்கெட் தொங்குகிறது. பையனின் காசு பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விட்டது. பின்சந்து நிலையம் மூடி, அந்த அறை செல்போன் ரீசார்ஜ் கடை ஆயிற்று. சென்னையில் பழைய புத்தகத்துக்குக் கோயிலாக இருந்த மூர் மார்க்கெட் 1985-லேயே எரிந்துபோயிருந்தது.

இந்த மாறுதல் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் மருந்துக் கடையிலும் பேப்பர்க் கடையிலும் சுழலும் கம்பித் தாங்கியில் காமிக்ஸ் இருந்தது. விற்காததைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடலாம். 1973-ல் ஃபில் சூலிங் என்பவர் பிரசுரகர்த்தர்களோடு ஓர் ஏற்பாடு செய்தார். புத்தகத்தை நேராகக் கொடுங்கள், கமிஷனைக் கூட்டிக் கொடுங்கள், விற்காவிட்டாலும் திருப்ப மாட்டோம். அதிலிருந்து காமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள் பெருகின. தரம் உயர்ந்தது, ஆசிரியர்களின் மதிப்பு உயர்ந்தது. ஆனால் திருப்ப முடியாத சரக்கை வாங்குகிற கடைக்காரர், நிச்சயமாக வாங்குகிற ஆளுக்குத்தானே வாங்குவார்? மாதந்தோறும் தவறாமல் வரும் வயதுவந்த ரசிகருக்கு அது கடையாயிற்று. வழியில் போகும் பையனின் கண்ணில் படுவது குறைந்தது.

ஜப்பானில் கதை வேறு. யுத்தத்துக்குப் பிறகு அங்கே வாடகைப் புத்தகக் கடைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றுக்கென்றே படக்கதை அச்சிட்ட பிரசுரகர்த்தர்களும் இருந்தார்கள். தத்சுமி யோஷிஹிரோ போன்ற இளைஞர்கள் அந்தக் கடைகளுக்கு எழுதித்தான் பெரியவர்களுக்கான படக்கதையைக் கண்டுபிடித்தார்கள். 1957-ல் அதற்கு 'கெகிகா' என்று தனிப்பெயரே சூட்டினார்கள். டெலிவிஷனும் மலிவான வாரப் பத்திரிகைகளும் வந்து அந்தக் கடைகள் மறைந்தன, கலை மறையவில்லை. நம் பின்சந்து நிலையங்கள் வாசகர்களை உண்டாக்கின, சித்திரக்காரர்களை உண்டாக்கவில்லை. அதனால்தான் கடை போனதும் நம்மிடம் மிஞ்சியது ஞாபகம் மட்டுமாக இருக்கிறது.

இப்போது என்ன நிலைமை? எங்களுக்குப் பக்கத்தில் நெய்வேலியில் நிலக்கரி நிறுவனத்தார் 1998-லிருந்து புத்தகக் கண்காட்சி நடத்தி வந்திருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போயிருந்தபோது ஒரு ஸ்டாலில் லயன், முத்து புத்தகங்களைப் பார்த்தேன். அசந்துபோனேன். வழவழப்பான காகிதம், முழு வண்ணம், கெட்டி அட்டை. எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் இருந்தன. 2010-ல் இரத்தப் படலம் என்ற பிரெஞ்சு மொழித் தொடரை எண்ணூறு பக்கத்துக்கு மேல் ஒரே புத்தகமாகக் கொண்டுவந்தவர்கள், 2012-லிருந்து வண்ணத்தில் புது வாழ்வு தொடங்கியிருக்கிறார்கள். நான் சொன்ன குறைகளில் பலவற்றை அவர்களே தீர்த்துவிட்டார்கள். கதைகளும் வளர்ந்திருக்கின்றன. சந்தா கட்டினால் வீட்டுக்கே பார்சல் வருகிறது. ஒரு சின்ன மொழிபெயர்ப்பு நிறுவனம் தன் வாசகர்களை மட்டுமே நம்பி இவ்வளவு காலம் நின்றது தமிழ்ப் பிரசுர உலகில் அபூர்வம். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் ஸ்டாலில் நின்றவர்களைப் பார்த்தேன். எல்லோரும் என் வயது, அல்லது பத்துப் பதினைந்து குறைவு. வழுக்கை, மூக்குக்கண்ணாடி, தோளில் பை. ஒருவருக்கொருவர் பழைய முத்து காமிக்ஸ் எண்களைச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். அன்று சந்தில் தர்க்கம் செய்த அதே பையன்கள்தான், அப்படியே வயதாகிவிட்டிருந்தார்கள். ஒருவர் பக்கத்தில் அவர் மகன் நின்றான், பத்து வயதிருக்கும். ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். தகப்பனார் திரும்பி, "டேய், கையை வைக்காதே, அழுக்காயிடும். ஐந்நூறு ரூபாய்" என்றார்.

அவரைக் குறை சொல்லமாட்டேன். ஐந்நூறு ரூபாய்ப் புத்தகத்தை அப்படித்தான் பாதுகாக்க வேண்டும். ஆனால் காமிக்ஸ் கடை மாறிய கதை முழுவதும் எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் கிடைத்துவிட்டது. ஒரு காலத்தில் புத்தகம் பையனுடையது, பிடுங்குகிறவர் தகப்பனார். இன்று புத்தகம் தகப்பனாருடையது. அழகான புத்தகம் வந்தது. அழுக்காக்க உரிமையுள்ள வாசகன் போய்விட்டான்.

எனக்குப் பழைய காலம் திரும்ப வேண்டுமென்ற ஆசையில்லை. கடைசி நாலு பக்கம் இல்லாத புத்தகத்தை எந்தக் குழந்தையும் படிக்க வேண்டாம். கெட்டி அட்டையும் இருக்கட்டும், வண்ணமும் இருக்கட்டும். அதோடுகூட மெல்லிய, மலிவான, கிழிந்தால் யாரும் அழாத ஒரு புத்தகமும் வர வேண்டும். அது கண்காட்சிக்கு மட்டும் வந்தால் போதாது. சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், அதே கயிற்றில், பையன் கைக்கெட்டும் உயரத்தில் தொங்க வேண்டும். முடிந்தால் அதில் ஒரு கதையாவது நம் ஊரில் நடக்க வேண்டும். விற்குமா என்று கேட்பார்கள். முதலில் விற்காது. ஆனால் தமிழ் நாவலுக்கு இன்னும் இருபது ஆண்டு கழித்து வாசகர் வேண்டும் என்று நினைக்கிறவர்கள், அந்த நஷ்டத்தை நாவலின் கணக்கில் எழுதிக்கொள்வதே நியாயம்.

அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரரின் வீட்டுக்கு ஒரு தடவை போனேன். அவர் இல்லை; காலமாகி இரண்டு வருஷம் ஆயிற்று என்றார்கள். புத்தகங்களையும் நோட்டையும் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். எங்கள் ஊரில் எடைக்குப் போட்ட காகிதம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். எந்த ஊர் வீட்டிலோ, எந்த ஊறுகாய் ஜாடியைச் சுற்றியோ, என் பதினேழு வாசகர்களின் பெயர்கள் போயிருக்கும். அந்த வீட்டில் ஒரு பையன் இருந்து, காகிதத்தைப் பிரித்துப் படித்திருந்தால் சரி.